பத்மாவதி வாசித்த பெயர்கள்

செய்தி வந்தபோது நான் அப்புத்தளை ரயில் நிலையத்துக்கு வெளியே வேனில் உட்கார்ந்திருந்தேன். கொழும்பு ரயில் வழக்கம்போலத் தாமதம். பனி மூட்டம் கண்ணாடியை அப்பிக்கொண்டு, எதிரே இருந்த தேநீர்க் கடை கூடத் தெரியவில்லை. ரயிலில் வரும் நான்கு வெள்ளைக்காரர்களை ஏற்றி, அன்றைக்குத் தோட்டத்தைக் காட்டி, மறுநாள் பொத்துவில் கடற்கரைக்கு இறக்கிக்கொண்டு போக வேண்டும். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு. கைப்பேசி அடித்தது. லுணுகலையிலிருந்து வேலாயுதம், பத்மாவதியின் கணவர். அவராக எனக்கு அழைப்பதே இல்லை.

"அண்ணே, பத்மா போயிட்டாண்ணே," என்றார். "காய்ச்சல்னு பதுளைக்குக் கொண்டு போயிருந்தோம். விடியக் காலையில மூச்சு நின்னுருச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அதற்குப் பிறகு என் மனதில் வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. 'இனி யாருக்கும் தெரியப்போவதில்லை' என்றுதான் வந்தது. நெஞ்சில் இறுக்கிக் கட்டியிருந்த ஒன்று தளர்ந்ததுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அட பாவி, நீ மனுசன்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ரயில் வந்து, ஆட்கள் வந்து, வேன் கதவைத் தட்டியபோதுதான் எனக்கு நிதானம் வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கடலில் நான் ஒரு தவறு செய்தேன். அதைப் பத்மாவதி தன் தலையில் போட்டுக்கொண்டார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கட்டுரையில் அதை எழுதப்போகிறேன். எழுதுவதற்குப் பயமாக இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உயிரோடிருந்தபோது நான் அவரைப் 'பத்மா' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இப்போது 'அவர்', 'சொன்னார்' என்று எழுதுவதைப் பார்த்தால், "என்னண்ணே, திடீர்னு மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். இந்த மரியாதை அவருக்கு நான் நேரில் கொடுத்திருக்க வேண்டியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். தாய் கொழுந்து பறித்தவர். படிப்பு முடிந்ததும் தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், வேலை பார்த்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் நன்றாக வரும். கடற்கரைக்கு வரும் பயணிகளுக்குக் கடலைப் பற்றியும் அந்தக் கரை மக்களின் வாழ்க்கையைப் பற்றியும் எடுத்துச் சொல்லப் பெண்களைப் பயிற்றுவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, கையில் ஒரு பெண் குழந்தை.

"மொத நா கரையில நின்னப்ப வயித்தால போகாத கொறைதாண்ணே," என்று பிறகு என்னிடம் சொன்னார். "மலைன்னா எங்கயாச்சும் ஒரு எடத்துல முடியுது. இது முடியவே மாட்டேங்குது. திரும்பி ஓடிரலாம்னு பாத்தேன். பஸ்ஸு சாயங்காலம்தான்னு சொல்லிட்டாங்க."

பஸ் இல்லாததால் கடல் கற்றவர் அவர். ஆறு மாதத்தில் நீந்தப் பழகினார். முருகைக்கல் என்கிற பவளப்பாறையின் பெயர்கள், அதற்குள் ஒளியும் மீன்களின் பெயர்கள், உவர்நீர்க் களப்பில் கண்டல் மரம் எதற்காக வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஆமை எந்த மணலில் முட்டையிடும் என்று எல்லாம் படித்தார். பரீட்சைக்குப் படித்ததைவிடப் படகுக்காரர் ரசீது காக்காவிடம் கேட்டுப் படித்ததுதான் அதிகம். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் மூத்தவரைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். ரசீது காக்காவும் பத்மாவதியை "மலைநாட்டுப் புள்ள" என்றே கூப்பிட்டார்.

நான் பூனாகலைக்காரன். பண்டாரவளையில் ஒரு சிறிய சுற்றுலாக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். பயிற்சி முடித்த பத்மாவதி எங்கள் கம்பெனியில் சேர்ந்தபோதுதான் அறிமுகம். பசறை, லுணுகலை, பிபிலை என்று வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் மழைக் காலத்தில் எனக்கு உயிர் கையில் இருக்கும். மேட்டிலிருந்து ஒரு கூழாங்கல் உருண்டாலும் பிரேக்கில் கால் போய்விடும். கடலோ கேட்கவே வேண்டாம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. நீச்சல் தெரியாது. இவ்வளவு பயந்தவன் எப்படி டிரைவர் ஆனான் என்று என் மனைவியே கேட்பாள்.

ஆனால் பத்மாவதிக்குப் பயந்தவர்களைத்தான் பிடிக்கும். பயணிகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் பார்த்து, "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்பார். கொஞ்சம் என்பவரைத் தட்டிக்கொடுப்பார். பயமே இல்லை என்று மார்தட்டுகிறவரைக் கரைப் பக்கமாகத் தன் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்துக்கொள்வார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"புள்ளைக் காம்பராவுலயும் அப்படித்தாண்ணே. அழுவுற புள்ள எங்க இருக்குன்னு தெரியும். அழுவாத புள்ளயத்தான் தேடிக்கிட்டே இருக்கணும்."

ஒருமுறை ஒரு இளைஞர் படம் எடுப்பதற்காக முருகைக்கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டார். பத்மாவதி போட்ட சத்தத்தில் படகு ஆடியது. ஆங்கிலத்தில் சொன்னதை வேனில் திரும்பும்போது எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். "எங்க தோட்டத்துல தேயிலையக் கவாத்து வெட்டுவோம், மறுபடியும் தளிர்க்கும். நீ ஒடச்சது கல்லு இல்ல, உசிரு. ஒன் ஆயுசுக்குள்ள அது தளிர்க்காதுன்னு சொன்னேண்ணே. பாவம், மூஞ்சி சுருங்கிப் போச்சு." மறுநாள் அந்த இளைஞரைக் கண்டல் கன்று நட அழைத்துப்போய், சேற்றில் இடுப்பளவு இறக்கிவிட்டார். அவர் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

கரைவலை இழுப்பதைப் பார்க்கப் பயணிகள் கூடுவார்கள். வரிசையாக நின்று பாடிக்கொண்டே இழுப்பதைப் படம் பிடிப்பார்கள். பத்மாவதி விடமாட்டார். முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்ச் சொல்ல வேண்டும். பிறகு கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் வலை கரையேறும்வரை விடக்கூடாது. உள்ளங்கை சிவந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களிடம் அதற்குப் பிறகுதான் வலையைப் பற்றி, காற்றைப் பற்றி, கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளைப் பற்றிப் பேசுவார். அவர்களும் வாயைத் திறக்காமல் கேட்பார்கள்.

இனி அந்தப் பெயர் வாசிக்கும் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. வேலைக்குப் போகுமுன் எல்லோரும் களத்தில் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். ஆள் இருந்தால் பேர் விழும், அதாவது அன்றைய நாள் சம்பளம் உண்டு. பிந்தினால் அரைப்பேர், அல்லது திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்மாவதி இந்தப் பெரட்டைக் கடலுக்குக் கொண்டுபோனார். படகு ஏறுமுன் பெயர் வாசிப்பார். கடலில் நீந்தி முடித்துப் படகுக்குத் திரும்பியதும் வாசிப்பார். கரைக்கு வந்ததும் மறுபடி வாசிப்பார். ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். கணவனுக்காக மனைவி சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். பயணிகளுக்கு இது பெரிய வேடிக்கை. அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தில் பெயர்களை எழுதி வைத்திருப்பார்.

பெரட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் அறிவார்கள். ஒரு பெண், கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறாள், இரண்டு நிமிடம் பிந்துகிறது என்று வையுங்கள். பெயர் வாசிக்கும்போது பக்கத்தில் நிற்பவள், "இந்தா இருக்காங்க!" என்று குரல் கொடுத்துவிடுவாள். கணக்கப்பிள்ளை நிமிர்வதற்குள் அவளும் வந்து சேர்ந்துவிடுவாள். என் தாய்க்கு எத்தனை பேர் இப்படிக் குரல் கொடுத்திருக்கிறார்கள்! பிந்தியவருக்கு "இருக்காங்க" என்று சொல்வது எங்களுக்கு நாக்கிலேயே ஊறிய விஷயம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

நான் அந்தத் தவறு செய்த அன்றைக்குப் படகு உதவியாள் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். "அண்ணே, இன்னிக்கு மட்டும் வாங்கண்ணே, ஏணியப் பிடிச்சுக்கிட்டா போதும்," என்று பத்மாவதி கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏழு பயணிகள். பாறைக்கு மறைவான இடத்தில் நங்கூரம் போட்டு, அவர்களோடு அவரும் இறங்கினார். நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடியில் ஒன்றும் தெரியாத தண்ணீர். அது மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதியம் கடந்ததும் காற்று எழுந்தது. எழும் நேரம்தான், ஆனால் அன்றைக்கு முரட்டுத்தனமாக எழுந்தது. ரசீது காக்கா, "போவம், போவம்," என்று அவசரப்படுத்தி இயந்திரத்தைக் கிளப்பினார். ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒருவருக்கு முருகைக்கல் வெட்டி உள்ளங்காலில் இரத்தம். பத்மாவதி குனிந்து அந்தக் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே, புத்தகத்தைப் பார்க்காமல் மனப்பாடமாகப் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். "மார்த்தா?" என்றார்.

மார்த்தா தனியாக வந்திருந்த அறுபது வயதுப் பெண்மணி. எப்போதும் பின்தங்குகிறவர். மலையில் நடக்கும்போதும் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். பதில் வரவில்லை.

"இருக்காங்க, இருக்காங்க," என்றேன் நான்.

பின்பலகையில் துவாய் போர்த்திக்கொண்டு ஒரு பெண் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரை மார்த்தா என்று நினைத்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அதுவும் பொய். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏணிப் பக்கம்தான் வந்துகொண்டிருப்பார் என்று ஒரு நினைப்பு. சீக்கிரம் கரைக்குப் போக வேண்டும் என்ற பயம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. நான் சொன்னதை நம்பி, அன்றைக்கு முதல் தடவையாக, இன்னொருவர் வாயால் வந்த பதிலைப் பத்மாவதி ஏற்றுக்கொண்டார். ஏணியை மேலே இழுத்துப் போட்டவனும் நான்தான்.

கரைக்கு வந்தோம். நான் மணலில் கால் வைத்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். பத்மாவதி மூன்றாவது தடவை பெயர் வாசித்தார். மார்த்தா என்றபோது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாந்தி எடுத்த பெண் துவாயை விலக்கினார். அது வேறு ஆள்.

பத்மாவதி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அண்ணே... இருக்காங்கன்னு சொன்னீங்களே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "காக்கா, திருப்புங்க!" என்று கத்திக்கொண்டே படகுக்குள் தாவினார். பக்கத்திலிருந்த மீனவர்கள் இன்னொரு படகைத் தள்ளினார்கள். நானும் போயிருக்க வேண்டும். கரையிலேயே நின்றேன். இரண்டு படகுகளும் வெயில் பட்டுக் கண் கூசும் அலைகளுக்குள் போய்ப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்மணிக்கு எந்த ஊர், வீட்டில் யார் யார், அவர்களுக்கு யார் செய்தி சொல்வார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. நடுவிலே, என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்றும் ஓடியது.

மார்த்தா உயிரோடு வந்தார். மீன் வலைக்குக் கட்டியிருந்த மிதவை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாராம். உதடு நீலம் பாரித்து, சொறிமுட்டை எனும் இழுதுமீன் பட்ட கை தடித்துப்போயிருந்தது. கரையில் இறக்கிய பிறகும் பத்மாவதியின் கையை விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டு போகும்போதும் அப்படியே பிடித்திருந்தார். நான்தான் ஓட்டினேன். கண்ணாடியில் அவர்களைப் பார்க்கத் துணிவில்லாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

அன்று மாலை வேனுக்குப் பக்கத்தில் நின்று, "நான் மொதலாளிகிட்ட சொல்லிர்றேன் பத்மா," என்றேன். என் மேல் அதற்கு முன்பே ஒரு புகார் இருந்தது. இன்னொன்று வந்தால் வேன் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். பத்மாவதிக்கு அது தெரியும். என் மூன்று பிள்ளைகளையும் தெரியும்.

"நீங்க பேசாம இருங்கண்ணே," என்றார். "பேரு வாசிச்சது நான். நிமிந்து ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். புள்ளைக் காம்பராவுல இப்படிப் பாக்காம இருந்திருப்பேனா? எனக்குத் தோட்டத்துல ஏதாச்சும் வேல இருக்கும். ஒங்களுக்கு இந்த ஸ்டீரிங்க விட்டா என்ன தெரியும்?"

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக ஆட்டினேன் என்பதுதான் கொடுமை.

பண்டாரவளையில் விசாரணை நடந்தது. நானும் அறையில் ஒரு மூலையில் நின்றேன். "யாரு ஆள் சரி பாத்தது?" என்று முதலாளி கேட்டார். "நாந்தாங்க," என்றார் பத்மாவதி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இனி அவர் பயணிகளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அன்றோடு அவருக்குக் கடல் போயிற்று.

ஆனாலும் அவர் ஆங்கிலத்தைக் கம்பெனியால் விட முடியவில்லை. வேனில் வந்து பேசலாம், தோட்டத்தைக் காட்டலாம் என்றார்கள். அப்படியே பதினோரு வருடம் ஓடியது. மலையிலிருந்து இறங்கும் அந்த நீண்ட வழியெல்லாம் முன் இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடலைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். வெயிலுக்குப் போடும் மருந்துப் பூச்சு எதையும் உடம்பில் தடவிக்கொண்டு இறங்காதீர்கள், ஆமை கரையேறினால் விளக்கு அடிக்காதீர்கள், கரையில் தொழுகை நேரத்தில் சத்தம் போடாதீர்கள், மீனவப் பெண்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். வேனை விட்டு இறங்கும்போது பயணிகள் அந்தக் கரையில் பிறந்தவர்கள்போலப் பக்குவமாக இறங்குவார்கள். பிறகு புதிய வழிகாட்டி வந்து அழைத்துப்போவார். பத்மாவதி ஒரு பூவரச மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உதடு மட்டும் அசையும். தண்ணீரில் தெரியும் தலைகளைப் பார்த்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் கரையேறும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் வேனைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பேன்.

அந்தப் பதினோரு வருடமும் எனக்குப் பயம்தான். அவர் கோபத்தில் ஒருநாள் சொல்லிவிடுவாரோ, இயந்திரச் சத்தத்தையும் மீறி ரசீது காக்காவுக்குக் காதில் விழுந்திருக்குமோ, மார்த்தா ஒருநாள் திரும்பி வந்து கேட்பாரோ என்று பயம். கைப்பேசியில் தெரியாத எண் வந்தால் பயம். பத்மாவதி என்னிடம் முகம் சுளித்ததே இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வருவார். அதை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது லுணுகலைக் கடைத்தெருவில், இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் இருக்கும். மரக்கறிப் பையோடு மழைக்கு ஒதுங்கி நின்றார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்ன தோன்றியதோ, "பத்மா, அந்த விசயத்த நான் எல்லார்கிட்டயும் சொல்லிரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"இப்ப எதுக்குண்ணே?" என்றார். பிறகு பையைக் கை மாற்றிக்கொண்டு, "வீட்டுல எனக்கும் அவருக்கும் சண்டன்னு வந்தா அதுதான் மொதல்ல வரும். 'கடல்ல ஆள விட்டுட்டு வந்தவதானே நீ'ம்பாரு. லயத்துலயும் ரெண்டு மூணு பேரு சொல்லுவாங்க. பழகிப் போச்சு," என்று சிரித்தார். பஸ் வந்தது. "வாரேண்ணே, மழையில பாத்து ஓட்டுங்க," என்று ஏறிவிட்டார்.

அதைக் கேட்ட பிறகாவது நான் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போயிருக்க வேண்டாமா? போகவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

பொத்துவில் பயணத்தை வேறொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாள் சாவு வீட்டுக்குப் போனேன். லயத்து வாசலில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் மஞ்சள் பூசிய முகத்தோடு கிடந்தார். தலைமாட்டில் வேலாயுதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடற்கரையிலிருந்து ரசீது காக்கா மகனோடு வந்திருந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான புள்ள. அண்டைக்கு ஒரு நாள்தான் கணக்குப் பிழைச்சுப் போச்சு," என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு பெண், "அந்த ஒரு தப்புத்தான் பாவம் அவளுக்கு," என்று உச்சுக் கொட்டினாள். நான் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றேன். 'அது பத்மா பிழை இல்லை' என்று சொல்ல வாய் வரை வந்தது. எல்லா முகமும் என் பக்கம் திரும்புமே என்று நினைத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஆண்களோடு நின்றுகொண்டேன். மதியம் பெட்டியை மூடினார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. ரயில் நிலையத்தில் வந்த அந்த நிம்மதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உண்மையை அறிந்த ஒரே ஆள் போய்விட்டார். இனி நானும் செத்தால் அந்தப் பிழை என்றென்றைக்கும் அவர் பெயரில்தான் நிற்கும். வேலை போகும் பயம், வெட்கப்படும் பயம் எல்லாவற்றையும்விட இது பெரிதாக வந்து உட்கார்ந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பவும் லுணுகலைக்குப் போனேன்.

வேலாயுதம் வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே படுத்திருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியை இழுத்தது வரை சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அவ ஒரு வார்த்த சொல்லலையே," என்றார். "நான் அவ்வளவு பேசியும் சொல்லலையே."

பிறகு, "பதினாறாம் நாள் காரியத்துக்கு அவ நெனவா ஒரு காகிதம் அடிக்கிறோம். அதுல எழுதுங்க. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிராதீங்க. லயத்து ஆளுங்களும் கடக்கரை ஆளுங்களும் ஒங்க மொதலாளியும் படிக்கணும்," என்றார்.

சரி என்றேன். படியிறங்கிப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, நேத்து வந்திருந்தீங்கதானே?"

"ஆமாங்க."

"பொட்டி பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமாங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமேண்ணே. மூடுறதுக்கு முன்னுக்கு அவ மொகத்தப் பாத்து, 'ஒன்னயத் தப்பாப் பேசிட்டேன் பத்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே."

அன்றே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்மா, மார்த்தா படகில் இருக்கிறார் என்று சொன்னவன் நான். பெயர்களை நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். இதைப் படிப்பவர்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணவர் உங்களிடம் சொல்ல முடியாமற்போன அந்த வார்த்தையையும் சேர்த்து நான்தான் கடன்பட்டிருக்கிறேன். போய் வாருங்கள், தாயே.